ரேகை விழாத விரல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு கருவியைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களிலிருந்து, தொடர்பில்லாத தொழில் செய்பவர்கள் எழுதியிருந்தாலும், அவை ஒரே கவலையைச் சுற்றி வருவதால் இந்த இதழை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: “தொழில்நுட்பம் கத்தியைப் போன்றது. காய் நறுக்கவும் உதவும், கொலை செய்யவும் உதவும். நன்மையும் தீமையும் பிடித்திருக்கும் கையில்தான் இருக்கின்றன என்று இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, ‘அப்படியென்றால் கத்தியைச் செய்தவருக்குப் பொறுப்பே கிடையாதா?’ என்று கேட்டுவிட்டாள். நான் சொன்னதில் பிழை உண்டா?” – பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: அந்த மாணவி கேட்டது நல்ல கேள்வி, ஐயா. கத்தி உவமையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அது மறைத்துவிடுகிறது.

கத்தி பரவலாக வருவதற்கு முன் நம் வீடுகளில் காய் நறுக்கியது அரிவாள்மணையில். அதில் நறுக்க வேண்டுமானால் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, மற்றொரு காலால் மணையை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் காயைப் பிடித்து அலகை நோக்கித் தள்ள வேண்டும். நல்லவர் உட்கார்ந்தாலும் கெட்டவர் உட்கார்ந்தாலும் இப்படித்தான் உட்கார வேண்டும். சமையல் மேடை வந்ததும் கத்தியும் பலகையும் வந்தன. நின்றுகொண்டே வேலை செய்வது வழக்கமாயிற்று. மூட்டு மடங்காத பெண்களுக்கு அது விடுதலை. நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு அதுவே புதிய சுமை. பிடிக்கும் கை எதுவானாலும், உடம்பு எப்படி இருக்க வேண்டும், யாரால் அந்த வேலையைச் செய்ய முடியும், யாரால் முடியாது என்பதையெல்லாம் கருவியின் வடிவமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

வகுப்பில் சொல்வதற்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு, நம் ஊர்களில் இன்றும் நிற்கும் அடிபம்பு. ஒரு வீட்டுக்கென்று வடிவமைக்கப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்களை ஊர்ப் பொது இடத்தில் நிறுத்தியபோது, நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் அடித்ததில் அவை சில மாதங்களிலேயே உடைந்துபோயின. அந்த அனுபவத்திலிருந்து 1970களில் யுனிசெஃப் உதவியுடன் உருவானதுதான் ‘இந்தியா மார்க் 2’. கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பின்னர் உலகின் பல வறண்ட நாடுகளுக்கும் போன பம்பு அது. உறுதியில் குறையொன்றுமில்லை. ஆனால் ஆழத்தில் இருக்கும் உருளையில் தோல் வளையம் தேய்ந்துவிட்டால், மேலிருக்கும் குழாய் முழுவதையும் தூக்கியாக வேண்டும். அதற்குக் குழாயைத் தூக்கும் முக்காலிச் சட்டகமும் வண்டியும் நான்கைந்து ஆட்களும் நகரத்திலிருந்து வந்தாக வேண்டும். அவர்கள் வரும்வரை பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். பின்னர் வந்த ‘மார்க் 3’இல் குழாயின் உள்விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். குழாயைத் தூக்காமலேயே உந்துதண்டை மட்டும் மேலே உருவி எடுக்க முடிந்ததால், ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் எளிய கருவிகளைக் கொண்டு பழுது பார்க்க வழி பிறந்தது.

இரண்டிலும் வருவது அதே தண்ணீர்தான். வேறுபாடு குழாயின் விட்டத்தில்தான் இருந்தது. ஊர் யாரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தியதே மாற்றியமைத்தது. அந்தக் கோட்டை வரைந்தவருக்குப் பொறுப்பு உண்டு என்றுதான் உங்கள் மாணவி சொல்கிறாள். அவளைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

*

கேள்வி: “என் மாமியாருக்கு வயது 74. நாற்றங்கால் காலத்திலிருந்து நடவு நட்ட கை. மூன்று மாதங்களாக ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று அலைக்கழிக்கிறார்கள். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகனோ, ‘போலி அட்டைகளை ஒழிக்க இது தேவை, பாட்டி ஒருவருக்காக நாட்டையே பின்னோக்கி இழுக்க முடியுமா?’ என்கிறான். நான் முறையிடுவது பிற்போக்கா?” – வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை, அம்மா. முறையிடுங்கள். உங்கள் மகனிடம் காட்டும்படி கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது நாட்டில் நன்றாகப் படித்த பலரும் மனமார நம்புவது.

எங்கள் தெருவிலுள்ள நியாய விலைக் கடையில் சென்ற மழைக்காலத்தில் நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி கட்டைவிரலை வைத்தார். கருவி ஒலியெழுப்பி மறுத்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். பிறகு ஆள்காட்டி விரல், பிறகு நடுவிரல், பிறகு இடது கை. விற்பனையாளர் பொறுமையானவர், கருவியின் கண்ணாடியைத் தம் சட்டை நுனியால் துடைத்துக்கொடுத்தார். ஓடிபி போடலாமா என்று கேட்டபோது, பதிவு செய்திருந்த எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது என்றும், மகன் ஷிப்டில் இருக்கிறான், போனை எடுக்க மாட்டான் என்றும் அந்த அம்மா சொன்னார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அவரைத் தெரியும். அந்தக் கடைக்காரருக்கு அவரைப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவர் யார் என்று அறியாதது அந்தக் கருவி ஒன்றுதான். அந்த இடத்தில் செல்லுபடியானதும் அதன் சொல் மட்டுமே. கடைசியில் ‘பையன் வந்ததும் வாங்கிக்கிறேன்’ என்று சொல்லி, வெறும் பையை மடித்துக்கொண்டு போனார். ஏதோ தாம்தான் தவறு செய்துவிட்டதுபோல் அவர் தலைகுனிந்து போனதுதான் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இப்போது அந்தக் கருவிக்குள் நடப்பதைப் பார்ப்போம். விரலை வைத்ததும் அது மேடுகளையும் பள்ளங்களையும் படம் பிடிக்கிறது. ரேகை முடியும் இடங்களையும் இரண்டாகக் கிளைக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு, முன்பு பதிவான குறிகளோடு ஒப்பிடச் செய்கிறது. ஒரே விரலை இரண்டு முறை வைத்தாலும் இரண்டு படங்களும் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. அழுத்தம் மாறும், ஈரம் மாறும், கோணம் மாறும். ஆகவே கணினி ‘இவர் அவரே’ என்று அறிவதில்லை. இவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று மதிப்பெண்தான் போடுகிறது. அந்த மதிப்பெண் எவ்வளவு இருந்தால் ஏற்கலாம் என்ற வரம்பை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். வரம்பைத் தாழ்த்தினால் பிறர் உள்ளே நுழைந்துவிடலாம். உயர்த்தினால் உரியவரே வெளியே நிற்பார். இரண்டு தவறுகளையும் ஒருசேர ஒழிக்கும் வரம்பு எதுவும் கிடையாது. நடவு நட்டவர், சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வேலை செய்தவர், பாத்திரம் தேய்த்தவர், முதியவர் ஆகியோரின் ரேகைகள் தேய்ந்திருப்பதால், இரண்டாவது தவறு பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் விரலுக்கு அந்தக் கருவி சலுகை காட்டுகிறது. அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே காட்டுகிறது.

போலிகள் ஒழியும் என்கிறார் உங்கள் மகன். ஒருவர் அட்டையை வைத்து இன்னொருவர் பொருள் வாங்குவதை ரேகை தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எடையில் குறைப்பதை அது தடுக்காது. இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்புவதைத் தடுக்காது. வாங்காத பொருளை வாங்கியதாக அட்டைதாரரின் ரேகையையே பெற்றுக்கொண்டு பதிவதையும் தடுக்காது. எந்தத் திருட்டை நிறுத்துவதற்காக எந்தக் கருவி வந்தது, அது நிறுத்தும் திருட்டு பெரிதா, நிறுத்தாத திருட்டு பெரிதா என்று கேட்பது எந்த வகையிலும் பிற்போக்கு ஆகாது. பொறியாளர்கள் நாள்தோறும் தங்கள் வேலையில் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2017 செப்டம்பரில் ஜார்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டு மாதக்கணக்கில் அரிசி கிடைக்காமல் போயிருந்தது. சோறு கேட்டபடியே உயிர்விட்டாள் என்றார் தாய். நோயால் இறந்தாள் என்றனர் அதிகாரிகள். இறப்புக்கான காரணத்தில் கருத்து மாறுபடலாம். அந்த வீட்டில் அரிசி நின்றுபோனதில் மாறுபாடு இல்லை. மறு ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்பது செல்லும் என்று தீர்ப்பளித்தனர். மாறுபட்டு எழுதிய நீதிபதி சந்திரசூட், ஒரு மனிதரின் கண்ணியமும் உரிமையும் கணிப்பொறிச் செயல்முறையையும் நிகழ்தகவையும் நம்பி இருக்கக் கூடாது என்றார். சிறுபான்மைத் தீர்ப்புதான் என்றாலும், உங்கள் மாமியாரின் கட்டைவிரலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை.

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி உண்டு. வறுமைக்கோடு பார்த்து ஆளைப் பிரிப்பதில்லை. கைரேகை முறை 2020 அக்டோபரில்தான் வந்தது. அந்த அகன்ற வாசலில் இந்தக் குறுகிய கதவைப் பொருத்தியிருக்கிறோம் என்பதே என் வருத்தம். இருந்தாலும் இங்கே மாற்று வழிகள் உள்ளன. கடைக்கு வர இயலாத முதியவர் தம் சார்பில் வேறொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று தரும் முறை இருக்கிறது. படிவத்தைக் கடையிலேயே கேளுங்கள். மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், 1967 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உங்கள் மாமியார் அந்த வயதைக் கடந்தவர். உங்கள் அட்டைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்கும்போது, ‘எங்கள் மேல் இரக்கம் காட்டுங்கள்’ என்ற குரலில் கேட்காதீர்கள். அவர் அவர்தான் என்று நிரூபிக்கும் சுமையை 74 வயதுக்காரர் மேல் ஏற்றியது யார் என்ற கேள்வியோடு கேளுங்கள்.

*

கேள்வி: “முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். பேரேடு எழுதிய காலத்தில் பிழையும் மோசடியும் மிகுதி. கணினி வந்தபின் எல்லாம் ஒழுங்காயிற்று. கணினி பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில் தவறு என்ன?” – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பேரேட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கும், நள்ளிரவு வரை உட்கார்ந்து ஐந்து பைசா வித்தியாசத்தைத் தேடிய வங்கி ஊழியர்களை நானும் அறிவேன். ஆனால் அந்த ஐந்து பைசாவைத் தேடும் பழக்கத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது, ஐயா. கணக்கு தவறாக இருக்கக்கூடும் என்று எல்லோரும் எண்ணியதால்தான் தேடினார்கள்.

அந்த எண்ணம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஊர்ப்புறங்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களே ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகத்தையும் நடத்துவார்கள். 1999 முதல் அவர்களுடைய கணக்குகளெல்லாம் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. அதன்பின் மாலையில் கணக்கு முடிக்கும்போது பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் திரையில் தெரியும் தொகைக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரத் தொடங்கியது. ஜோ ஹாமில்டன் என்ற அஞ்சலகப் பெண்மணிக்கு ஒருநாள் 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்னபடியே பொத்தான்களை அழுத்தினார். அவர் கண்முன்னேயே 2,000 குறைவு 4,000 குறைவாக மாறியது. ஒப்பந்தப்படி குறையும் பணத்தை அவரே கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார். பின்னர் சிறைக்கு அஞ்சி, செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்.

1999 முதல் 2015 வரை இப்படித் தண்டனை பெற்றவர்கள் 900க்கும் மேற்பட்டவர்கள். கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்றவர் உண்டு. கடையை, வீட்டை, மணவாழ்வை இழந்தவர்கள் பலர். புகார் செய்த பலரிடம், ‘வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான்’ என்று சொல்லப்பட்டது. அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியாக நாணிப் புழுங்கினார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததையும், கடைக்காரர் அறியாமலே நிறுவனத்தின் ஆட்கள் தொலைவிலிருந்து கணக்குக்குள் நுழைய முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வைக்க ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் அஞ்சலகக்காரரும் அவரோடு சேர்ந்த 550க்கு மேற்பட்டவர்களும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை கூறியது.

இதன் வேரில் சட்டம் ஒன்று இருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கணினி தரும் சான்றை நீதிமன்றத்தில் வைப்பவர், அது சரியாக இயங்கியது என்பதையும் காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அது வீண் தொல்லை என்று கருதி 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின், கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சரியாக இயங்கவில்லை என்றால் அதைக் குற்றம் சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும். மளிகைக் கடைக்காரர் எங்கே போய்க் காட்டுவார்? மென்பொருளும் அதன் பதிவேடுகளும் எதிர்த்தரப்பின் பூட்டிய அறையில் இருந்தன. பிழையுள்ள கணினி ஒரு கேடு என்றால், பிழையில்லை என்று முன்கூட்டியே நம்பிக்கொண்ட நீதி முறை அதைவிடப் பெரிய கேடாக முடிந்தது.

நம் நாட்டில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவிலும் இருக்கிறது. நல்ல விதிதான். கணினி ஒழுங்காக இயங்கியது என்று அதை வைத்திருப்பவரே எழுதிக் கொடுத்து, புதிய சட்டப்படி ஒரு வல்லுநரும் கையெழுத்திடுவதோடு அது நின்றுவிடுவது எனக்குப் போதவில்லை. உங்கள் துறையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வாடிக்கையாளர் அறியாமல் மின்னணு வழியில் பணம் போய்விட்டால், தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை சொன்னது. யாரிடம் பதிவேடு இருக்கிறதோ அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்ற இந்த நெறியை ரேஷன் கடைக்கும், ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவுக்கும், ஓய்வூதியத்துக்கும் யாராவது கொண்டுவர மாட்டார்களா என்று நான் ஏங்குகிறேன்.

*

கேள்வி: “விசைத்தறி வைத்திருக்கிறேன். என் தாத்தா கைத்தறிக்காரர். எந்திரத்தை எதிர்த்தவர்கள் வரலாற்றில் எல்லா இடத்திலும் தோற்றுத்தானே போயிருக்கிறார்கள்? பிறகு ஏன் இந்த ஆராய்ச்சி எல்லாம்?” – வாசகர், பள்ளிபாளையம்

பதில்: தோற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை வென்றவர்களின் வாயிலாகவே நாம் கேட்டிருக்கிறோம். 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தில் காலுறை நெய்யும் தறிச் சட்டகங்களை உடைத்த ‘லட்டைட்டுகள்’ என்ற தொழிலாளர்கள் அந்த எந்திரங்களோடே வளர்ந்தவர்கள். அதில் கை தேர்ந்தவர்கள். மட்டமான துணியை வெட்டித் தைத்துக் காலுறை என்று விற்ற, பழகாத ஆட்களைக் குறைந்த கூலிக்கு வைத்த முதலாளிகளின் சட்டகங்களைத் தேடிப்போய் உடைத்தார்கள். முறையான கூலி கொடுத்தவர்களுடையதைப் பல இடங்களில் தொடாமல் விட்டார்கள். எந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று 1812இல் சட்டம் வந்தது. பிரபுக்கள் அவையில் அதை எதிர்த்துத்தான் கவிஞர் பைரன் தம் முதல் உரையை ஆற்றினார். மறு ஆண்டு ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இராணுவத்தையும் தூக்குமரத்தையும் கொண்டு பெற்ற வெற்றியைக் கருவியின் சிறப்பால் வந்த வெற்றி என்று எழுதிவைப்பது நேர்மையாகாது.

காந்தியடிகளையும் எந்திர விரோதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சிங்கர் தையல் எந்திரம் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று 1924இல் சொன்னவர் அவர். 1929இல் மேம்பட்ட இராட்டையைச் செய்து தருபவருக்கு அகில பாரத நூற்போர் சங்கத்தின் பெயரில் ஒரு இலட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்: குடிசைக்குள் கையாலோ காலாலோ இயக்கும்படி இருக்க வேண்டும், ஒரு பெண் எட்டு மணி நேரம் மிகுந்த களைப்பின்றி வேலை செய்யும்படி இருக்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டும், இந்தியாவிலேயே செய்யப்பட வேண்டும். நூலின் அளவோடு, நூற்பவரின் முதுகும் கைப்பணமும் சேர்த்து எழுதப்பட்ட விவரக்குறிப்பு இது. அந்தப் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் பின்னாளில் அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் பரவிய இராட்டையை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன்.

உங்கள் விசைத்தறியை நிறுத்தச் சொல்லவில்லை. மின் கட்டணமும் நூல் விலையும் ஏறும்போது நீங்களும் கூலிக்கு நெய்பவராகவே இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். தானியங்கித் தறிகள் உங்களை நெருக்கும் நாளில், உங்கள் தாத்தா கேட்ட அதே கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். அப்போது உங்களைப் பார்த்து ‘எதிர்த்தவர்கள் எல்லாம் தோற்றவர்கள்தானே’ என்று யாரும் சொல்லக் கூடாது.

*

கேள்வி: “செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எதைக் கேட்டாலும் அழகான தமிழில் பதில் தருகிறது. எங்கள் பேராசிரியர் அதை நம்பாதே என்கிறார். ஏன்?” – கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் திருவிழா எந்த மாதம், உங்கள் குறிச்சிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். விடை தவறாக வந்தால், அதன் தமிழ் அப்போதும் அதே அழகோடும் அதே உறுதியோடும் இருப்பதைக் காண்பீர்கள். இத்தகைய செயலிகள் திரண்ட எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கற்றவை. தமிழில் அவை படித்தது ஆங்கிலத்தை ஒப்பிட மிகக் குறைவு. நடையின் தெளிவை அறிவின் தெளிவாக எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் இயல்பு. பேச்சு நன்றாக இருந்தால் பேசுபவர் அறிந்தவர் என்றே இதுவரை வாழ்ந்திருக்கிறோம்.

இந்த மயக்கம் புதிதன்று. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் ‘எலைசா’ என்ற சிறு நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அது எழுதப்படுவதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலரே, அதனோடு சிறிது பேசியதும், தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டுச் செல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். அதிர்ந்துபோன வைசன்பாம், கணினியிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாகாது என்பதைப் பற்றியே தம் பிற்கால வாழ்நாளில் பெரும்பகுதியும் எழுதினார்.

பயன்படுத்துங்கள். ஆனால் கட்டுரையின் கீழே இருப்பது உங்கள் பெயர். பிழைக்கு விடை சொல்ல அந்தச் செயலி பேராசிரியர் முன் வந்து நிற்காது.

*

கேள்வி: “எப்போதும் தொழில்நுட்பத்தைக் கேள்வி கேட்கிறீர்களே, உடனே வந்தாக வேண்டும் என்று நீங்கள் விரும்பும் கருவி எதுவும் இல்லையா?” – வாசகி, சென்னை – வியாசர்பாடி

பதில்: இருக்கிறது, அம்மா, நெடுநாளாக அதற்காகவே காத்திருக்கிறேன். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் மனிதர் இறங்குவதை நிறுத்தும் எந்திரம் ஒவ்வொரு ஊராட்சியிலும் நின்றாக வேண்டும்.

நிலவுக்கு அருகில் கலம் அனுப்பும் அறிவு நம்மிடம் இருக்கிறது. சாக்கடைக்குள் இறங்கி அடைப்பெடுக்கும் ‘பாண்டிகூட்’ என்ற எந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்து, 2018இல் திருவனந்தபுரத்தில் இயக்கியும் காட்டிவிட்டார்கள். உறிஞ்சு லாரிகள் எல்லா ஊர்களிலும் ஓடுகின்றன. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் நச்சுக் காற்றில் இருவர் மூவராக இறந்தார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ரேகை பார்க்கும் கருவி சில மாதங்களில் மாநிலத்தின் எல்லா ரேஷன் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சாக்கடை எந்திரம் ஏன் அந்த வேகத்தில் போய்ச் சேரவில்லை? இறங்குபவர்கள் காலங்காலமாக எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். எந்தக் கருவி முதலில் வர வேண்டும் என்ற வரிசையை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு, அந்த வரிசையே விடை சொல்கிறது.

வீட்டளவில் நம் கையில் இருப்பதைச் செய்யலாம். தொட்டி நிறைந்தால் 14420 என்ற எண்ணை அழையுங்கள்; உரிமம் பெற்ற வண்டி வரும். வண்டியின் குழாய் எட்டாத மூலையில் கசடு தங்கிவிட்டது, ஓர் ஆளை இறக்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி மூடியைப் போட்டுவிடுங்கள்.